பழி சுமந்தவர்களே காவலர் ஆயினர்

பட்டாபிராமைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்ப்போம். சேக்காடு, சித்துக்காடு, கூவம் ஆற்றின் வழியே கீழே இறங்கினால் திருவேற்காடு, கடற்கரையை எட்டினால் பழவேற்காடு. எல்லாம் காடுகளே. ஆனால் அவ்வூர்களில் இன்று காட்டைத் தேடுவோர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். வீட்டுமனைப் பலகைகளும், கிடங்குகளும், 2024-ல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவின் அடுக்குமாடியுமே கண்ணில் படுகின்றன. மரங்கள் மறைந்து, பெயர்கள் மட்டும் நம்மோடு தங்கிவிட்டன.

தமிழகத்தின் புகழ்பெற்ற இன்னொரு பெயருக்கும் இதே கதைதான். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். உவர்நீர் வந்து போகும் சேற்று நிலத்தில் வளர்வது அதன் இயல்பு. இன்று சிதம்பரம் நகருக்குள் தில்லை மரத்தைக் காண்பது அரிது. ஆனால் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் விரிந்து கிடக்கும் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் அது இன்னும் தழைத்து நிற்கிறது. அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட காடு அது. அதை மீட்டவர் யார், அதற்குமுன் அதன் அழிவுக்காகப் பழி சுமந்தவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலையை ஆற்றும் காடு

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கு மக்களோடு வேளாங்கண்ணித் திருப்பயணம் சென்று திரும்பும் வழியில் பிச்சாவரத்தில் இறங்கினோம். 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தைப் பார்த்திருந்த மூத்தவர்கள், அந்த நீர்வழிகளை நேரில் காண வேண்டுமென்று விரும்பியதே காரணம். படகு உள்ளே செல்லச் செல்ல இருபுறமும் சுரபுன்னை மரங்கள் தங்கள் முட்டுவேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. அவற்றுக்கு அப்பால் வெண்கண்டல் மரங்களைச் சுற்றி, ஆயிரமாயிரம் மூச்சுவேர்கள் ஆணிகளைப் போல் மண்ணைப் பிளந்து மேலெழுந்திருந்தன. காற்றில்லாச் சேற்றில் வேர்கள் மூச்சுவிட இயற்கை கண்ட வழி அது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய் போல் வளர்ந்த பின்னரே நீரில் விழுகிறது.

இக்காடுகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களில் ஒன்று 'அலையாத்தி'. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது என்பது அதன் பொருள். நெய்தல் நிலத்து ஊர்களுக்குக் கண்டல் மரங்களையே வேலியாகக் கண்டவர்கள் சங்கப் புலவர்கள். ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கரையோர மக்கள் இக்காட்டின் பயனை அறிந்து அதற்குப் பெயரும் சூட்டியிருந்தனர் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம்.

படகோட்டி தொலைவில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். "அந்த வாய்க்கால் எங்கப்பா காலத்துல வெட்டினது, ஃபாதர். அதுக்கு முன்னாடி அங்க ஒரு மரம் கிடையாது. வெறும் உப்புத்தரை" என்றார். வாய்க்கால் வெட்டிக் காடு வளர்க்க முடியுமா என்ற வியப்பு நமக்கு எழுந்தது. அந்த வியப்பே பின்னர் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

காடு கைமாறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசு இந்தியக் காடுகளைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முனைந்தது. இருப்புப்பாதைகளுக்கும் கப்பல்களுக்கும் மரம் வேண்டும். கருவூலத்துக்கு வருவாய் வேண்டும். 1878-ஆம் ஆண்டின் வனச் சட்டம் உருவாவதற்கு முன் நடந்த விவாதத்தில், சென்னை மாகாணம் பிற மாகாணங்களைப் போல் எளிதில் தலையசைக்கவில்லை என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள நெல்லூர் மாவட்டத்தில் துணை ஆட்சியராயிருந்த நாராயண ராவ், காடுகள் மீது ஊராருக்கு உள்ள உரிமையை எடுத்துரைத்தார். மேய்ச்சலும் விறகும் தழையும் ஊராரின் பழைய உரிமைகள். அவை அரசு கொடுத்த சலுகைகள் அல்ல என்பதே அவ்வாதத்தின் சாரம். அரசின் வருவாய் வாரியமும் ஏறத்தாழ அதே கருத்தைக் கொண்டிருந்தது. எனினும் அக்குரல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகள் அளந்து கல் நடப்பட்டன. காலப்போக்கில் பிச்சாவரம், முத்துப்பேட்டைச் சதுப்புநிலக் காடுகளும் வனத்துறையின் கீழ் வந்தன.

நம் நாட்டு அரசர்களின் காலத்தில் இக்காடுகளிலிருந்து எவரும் வருவாய் தேடவில்லை என்று சொல்வதற்கில்லை. தஞ்சை மராட்டியர் நிறுவிய சத்திரங்களின் செலவுக்கு முத்துப்பேட்டைக் காட்டின் வருவாயும் பயன்பட்டது. ஆனால் பின்னர் நடைமுறைக்கு வந்த வெட்டுமுறை வேறு வகையானது. காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் அடியோடு வெட்டி விற்றனர். வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே தளிர்த்து மீளும் என்பது கணக்கு. மலைக்காடுகளில் ஓரளவு பலித்த கணக்கை உவர்நீர்க் காட்டிலும் போட்டுப் பார்த்தனர். விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்த இம்முறை, 1970-களில்தான் முடிவுக்கு வந்தது.

வெட்டிய இடங்களில் பல மீண்டும் துளிர்க்கவேயில்லை. காட்டின் நடுவே சொட்டை விழுந்தாற்போல் வெண்ணிற உப்புத்தரைகள் தோன்றின. காரணம் கேட்டபோது, விரல்கள் ஒரே திசையை நோக்கி நீண்டன. ஆடுமாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், காட்டுக்குள் இறங்கி இறால் பிடிக்கும் இருளர்கள், இவர்களே காட்டை அழித்தவர்கள் என்று எல்லாரும் எளிதாக நம்பினர். ஏழை கையில் அரிவாளைப் பார்த்தபின் வேறு காரணத்தைத் தேட யாருக்குத் தோன்றும்?

மண் சொன்ன சாட்சியம்

வேறு காரணத்தைத் தேடியவர்களும் இருந்தனர். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1993 முதல் பிச்சாவரத்தில் ஆய்வு மேற்கொண்டது. அந்த ஆய்வாளர்கள் மண்ணையும் நீரையும் பழைய வனப் பதிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தனர். அப்போது வெளிப்பட்ட உண்மை, நெடுநாள் நிலவிய நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது.

மரங்கள் ஒட்டுமொத்தமாக வெட்டப்பட்டதும், நிழலற்ற சேற்றுநிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதால் மண் அமுங்கி, நடுப்பகுதி தாழ்ந்து, தொட்டி போல் ஆயிற்று. ஓதத்தின்போது உள்ளே ஏறிய கடல்நீர், நீர் வற்றும் வேளையில் வெளியேற வழியின்றி அத்தொட்டியில் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சியது. மீண்டும் ஓதம், மீண்டும் உப்பு. உவர்நீரில் வாழப் பிறந்த கண்டல் நாற்றும் தாங்க இயலாத அளவுக்கு அம்மண் உவர்ப்பாகிவிட்டது. ஆக, காடு மீளாமற்போனதற்கு முதற்காரணம் காகிதத்தில் திட்டமிட்டு நடத்தப்பட்ட வெட்டுமுறையே. ஆடுகளும் விறகுக்கட்டுகளும் காயத்தை ஓரளவு பெரிதாக்கியிருக்கலாம். காயத்தை உண்டாக்கியவை அவையல்ல.

நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்தும் எளிதாயிற்று. தேங்கிய நீருக்கு வழிவிட வேண்டும். இயற்கையான உப்பங்கழியிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப் போன்ற அமைப்பு. ஒவ்வோர் ஓதமும் புதுநீரைக் கொணர்ந்து, பழைய உப்பைக் கழுவிச் சென்றது. உவர்ப்புக் குறைந்தபின் வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல் நாற்றுகள் நடப்பட்டன.

இதில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. முத்துப்பேட்டைப் பகுதி மீனவர்கள் சதுப்புநிலத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரோடு உள்ளே வரும் மீனைப் பிடிக்கும் வழக்கத்தைத் தலைமுறைகளாகக் கொண்டிருந்தனர். எங்கே நீர் ஏறும், எங்கே தேங்கும் என்ற அறிவு அவர்கள் கால்களிலேயே இருந்தது. காட்டுக்கு எதிரிகள் என்று கருதப்பட்டவர்களிடமே காட்டுக்கான மருந்தின் ஒரு பகுதியும் இருந்திருக்கிறது. எவரும் அவர்களை அணுகிக் கேட்கவில்லை, அவ்வளவே.

மன்றம் கூடிய ஊர்கள்

மக்களைக் காட்டின் பங்காளிகளாக்கும் எண்ணம் அக்காலத்தில் நாட்டின் பிற பகுதிகளிலும் அரும்பியிருந்தது. 1970-களில் மேற்கு வங்கத்தின் அரபாரியில், வன அலுவலர் அஜித் பானர்ஜி, அழிந்த சால் காட்டைச் சுற்றியிருந்த ஊராரிடமே காவலை ஒப்படைத்து, விளைச்சலில் அவர்களுக்குப் பங்கும் அளித்தார். காடு மீண்டது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், 1990 சூன் மாதத்தில் நடுவண் அரசு வெளியிட்ட சுற்றறிக்கையும் இவ்வழியை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தன. 1990-களின் பிற்பகுதியில் இம்முறை, இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு தமிழகம், ஆந்திரம், ஒரிசா ஆகிய மாநிலங்களின் சதுப்புநிலக் காடுகளுக்கு வந்து சேர்ந்தது.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஊர்தோறும் மன்றங்கள் அமைந்தன. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினராயினர். விறகுக்காகக் காட்டுக்குள் செல்பவர் பெண்கள் என்பதால், அவர்கள் இல்லாத மன்றத்தில் விறகைப் பற்றி முடிவெடுப்பது வீண்வேலை. ஊர்மன்றமும் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்றாக அமர்ந்து, எங்கே வாய்க்கால் வெட்டுவது, எங்கே மேய்ச்சலை நிறுத்துவது, மாற்று எரிபொருளுக்கு என்ன வழி என்று திட்டம் தீட்டின. வாய்க்காலை வெட்டியவர்கள் ஊர்மக்கள். நாற்றை நட்டவர்களும் அவர்களே. ஆண்டுதோறும் சேறு படிந்து தூரும் வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலையும் அவர்களுடையது.

இவர்களுள் எம்.ஜி.ஆர். நகர் இருளர்களின் கதை தனியே சொல்லத்தக்கது. நிலமும் படகும் வலையும் இல்லாத அம்மக்கள், கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடித்தனர். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருந்தனர். கைகள் இரண்டும் நீருக்குள் இருக்கையில் வேறு வழி ஏது? பழங்குடியினர் என்ற சான்றுகூட அவர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அச்சான்றைப் பெறுவதற்கும் படகும் வலையும் வாங்குவதற்கும் துணைநின்ற பின்னரே காடு வளர்ப்புப் பேச்சு அங்கு வேர்கொண்டது. பசித்தவனிடம் மரத்தைப் பற்றிப் பேசுமுன் அவன் பசியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதைத் திட்டத்தினர் உணர்ந்திருந்தனர்.

பயன் கண்கூடு. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வின்படி, 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப்பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியது. தமிழகம் முழுவதும் 1987-ல் 23 சதுர கிலோமீட்டராக இருந்த சதுப்புநிலக் காடு, 2021-ஆம் ஆண்டின் வன அறிக்கையில் 45 சதுர கிலோமீட்டர் என்று பதிவாயிற்று. 2022-ல் பிச்சாவரம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு ஞாயிறு காலை

2004 திசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் திருப்பயணிகளை வாரிச் சென்ற அந்நாளை நம்மில் எவர் மறக்க இயலும்? அதே அலை கடலூர்க் கரையையும் தாக்கியது. பிச்சாவரத்தை ஒட்டிய கடலோர மணல்மேடுகளில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய குடியிருப்புகள் பேரழிவுக்கு உள்ளாயின. காட்டுக்குப் பின்புறம் அமைந்த வடக்குப் பிச்சாவரம், டி.எஸ். பேட்டை போன்ற ஊர்கள் பெரும் சேதமின்றித் தப்பின.

இதைப் பற்றி அறிஞரிடையே பின்னர் விவாதம் எழுந்தது. 2005-ல் வெளியான ஆய்வுகள், காடே அலையின் வேகத்தைத் தணித்தது என்றன. கடலிலிருந்து ஊர் அமைந்த தொலைவும் தரையின் உயரமுமே பெருங்காரணம் என்று 2006-ல் வேறு சிலர் மறுத்தனர். நேர்மையோடு சொன்னால், அத்தகைய பேரலையின் முன் எந்தக் காடும் கோட்டைச் சுவராகிவிடாது. ஆனால் புயலும் வழக்கமான பேரலைகளும் வரும்போது, கரையை அரிக்காமல் காப்பதும், அலையின் சீற்றத்தைக் குறைப்பதும், மீனுக்கும் இறாலுக்கும் நாற்றங்காலாய் இருப்பதும் இக்காடுகளே என்பதில் ஐயமில்லை.

பேரலைக்குப் பின் உலகெங்கும் சதுப்புநிலக் காடு வளர்க்கும் ஆர்வம் பெருகியது. பணமும் வந்தது. அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் நாற்றுகள் நடப்பட்டன. ஆண்டுகள் சில கழித்து ஆய்வாளர் சென்று பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பரப்பிலேதான் காடு உயிரோடிருந்தது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் பேணாமல் விட்டதும் பெருங்காரணங்கள். நீரின் போக்கை அறிந்தவரைக் கேட்காமலும், நாளை அதைக் காப்பவர் யார் என்று தீர்மானிக்காமலும் நடப்பட்ட நாற்று, நிழற்படத்துக்கு மட்டுமே உதவியது.

பிச்சாவரத்திலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்க இயலாது. திட்டத்துக்குக் காலவரையறை உண்டு. வாய்க்காலில் படியும் சேற்றுக்கு அது கிடையாது. நிதி நின்றபின் தூர்வாருவது யார்? வனம் சார்ந்து வாழ்வோரின் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கடமையை மட்டும் மக்களிடம் ஒப்படைத்து உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டால் எந்த மன்றமும் நெடுநாள் கூடாது. நாராயண ராவ் அன்று எழுப்பிய வாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்றே தோன்றுகிறது.

நம் மாவட்டத்தின் கடைவாசலில்

இது எங்கோ தொலைவில் நடந்த கதை என்று பட்டாபிராம் வாசகர் எண்ண வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடே வரும் கொசஸ்தலையாறு, எண்ணூரில் கடலில் கலக்கிறது. அங்கும் அலையாத்தி மரங்கள் உண்டு. அங்கும் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் உண்டு. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், அம்மரங்களின் வேர்களைக் கரிய பூச்சாய் மூடியது. அப்போது படகுகளில் சென்று வாளிகளாலும் குவளைகளாலும் எண்ணெயை அள்ளியவர்கள் அப்பகுதி மீனவர்களே.

நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிப்போம். அது நமக்குப் பெருமை தருவதன்று. சில ஆண்டுகளுக்கு முன், பங்கு மக்களோடு சேர்ந்து அருகிலுள்ள ஓர் ஏரிக்கரையில் நூறு மரக்கன்றுகள் நட்டோம். பாடல், பலகை, புகைப்படம் எல்லாம் உண்டு. மூன்று மாதத்தில் அவற்றுள் பெரும்பாலானவை பட்டுப்போயின. அக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியின் மேல் நமக்குக் கோபம் வந்தது. திருப்பலிக்குப் பின் அறிவிப்பு வேளையில், ஆடுகளைக் கட்டிப்போடாதவர்களைப் பற்றிக் கடிந்தும் பேசினோம்.

பிச்சாவரத்திலிருந்து திரும்பியபின் அப்பேச்சு நம்மை உறுத்தியது. ஒருநாள் மாலை அந்த மூதாட்டியைத் தேடிச் சென்று கேட்டோம். அவர் சிரித்தார். "ஆடு வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே அது செத்துப் போச்சு ஃபாதர். மேல நாலு விரக்கடைதான் மண்ணு. கீழ பூரா ரப்பீஸ். லாரியில கொண்டாந்து கொட்டினாங்களே, பாக்கலியா? வேரு எங்க போவும்?" என்றார். தோண்டிப் பார்த்தோம். செங்கல்லும் சிமென்டுக் கட்டியுமாய் வந்தன. மண்ணிடம் கேளாமல், மண்ணை அறிந்தவரிடமும் கேளாமல், பழியை மட்டும் கையோடு எடுத்துச் சென்றிருந்தோம். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறு, எந்த இடத்தில் கடிந்து பேசினோமோ அதே இடத்தில் நின்று நம் தவற்றையும் சொன்னோம்.

அடுத்த மழைக்கு முன் இடத்தை அவரே காட்டினார். குழியின் ஆழத்தையும் அவரே சொன்னார். நூறு கன்றுகள் அல்ல, இருபதுதான் நட்டோம். முள்வேலி கட்டியவர்கள் நம் இளைஞர்கள்; கண்காணித்தவர் அவர். இன்று பதினான்கு புங்கமரங்கள் நிற்கின்றன. வெயில் ஏறும் வேளையில் அவற்றின் நிழலில்தான் அவருடைய ஆடுகள் படுத்திருக்கின்றன.